மேனேஜருக்கு ஒரு பக்கெட் தண்ணீர்

1

இந்தக் கதையில் பாதி எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர், பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு ஸ்பேனரையும் என் காதுக்குள் மூன்று கேள்விகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கேள்விகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். மனிதர் வேலை செய்துகொண்டே வாய் ஓயாமல் பேசுகிறவர். குழாயின் தலையைக் கழற்றியபடியே, "ஒரு சொட்டு சிந்தினாலும் அது வேலையே இல்ல மேடம். நம்ம பன்னிக் கொட்டகைக்கு ஒருநாள் வந்து பாருங்க. நானே லைன் போட்டேன். தரை அப்படியே காஞ்சு கிடக்கும். உங்க ஹாலைவிட சுத்தம்" என்றார்.

ஹாலைப் பற்றிச் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்றியா என்று கேட்டேன். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு பண்ணை, பார்த்துக்கொள்வது மனைவிதான், அவள் அக்காவுக்குக் கை உடைந்துவிட்டதால் போன வாரம் அங்கே போயிருக்கிறாள், அதுவரை காலையும் மாலையும் தன் பொறுப்பு என்றார். "பெரிய வேலை ஒண்ணுமில்ல. தீனியப் போட்டாப் போதும். தண்ணிக்குத்தான் நம்ம லைன் இருக்கே."

அப்போது அவருக்குப் போன் வந்தது. அவர் பேசியதில் முக்கால்வாசி "ம்" தான். மிச்சத்தில் மூன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

"என்ன பக்கெட்?"

கொஞ்சம் கழித்து, "எப்பலேருந்து?"

இன்னும் வெகுநேரம் கழித்து, அவர் உடம்புக்குப் பொருந்தாத சின்னக் குரலில், "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவ்வளவுதான். தொட்டிக்கு அடியிலிருந்த வால்வை மூடினார், பையை அள்ளினார், "வரேன் மேடம்" என்று சொன்ன கையோடு படியிறங்கி ஓடினார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை. குழாய்க்குத் தலை இல்லை. குளியலறையிலிருந்து சமையலறைக்குப் பக்கெட்டில் தண்ணீர் சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கதையில் எங்காவது எரிச்சல் தெரிந்தால் காரணம் இலக்கியம் இல்லை, இடுப்பு வலி.

2

முதல் தொடக்கம்: "தண்ணீரே உயிர்களின் ஆதி. அந்த ஆதியின் முன் மனிதனும் பன்றியும்"

(அடித்துவிட்டேன். பன்றியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஆதி வந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தமும் வந்துவிடும்.)

இரண்டாவது தொடக்கம்: "அந்தப் பண்ணையில் பன்றிகள் மகிழ்ச்சியாக"

(இருந்தனவா? எனக்கு எப்படித் தெரியும்? பன்றியை நான் இதுவரை நிதானமாக நின்று பார்த்ததுகூட இல்லை. மாட்டு டாக்டராக இருக்கும் ஒரு தோழியைப் போனில் பிடித்தேன். "பன்னிக்குத் தண்ணி அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டேன். "குட்டி போட்டது ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பக்கெட் குடிக்கும். குடிக்கலைன்னா முதல்ல தீனியைக் குறைக்கும், அப்புறம் பால் வத்தும், அப்புறம் ரெண்டும் போகும். நீ எதுக்குக் கேக்கற, வேலையை விட்டுட்டியா?" என்றாள்.)

மூன்றாவது தொடக்கம்: "பிளம்பருக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு."

இது நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் போன பிறகுதான் உறைத்தது. இவரிடம் இருப்பதெல்லாம் கேள்விகள். பதில்கள் போனின் அந்தப் பக்கம் இருந்தன. அப்படியானால் இது அவளுடைய கதை. நான் முகம் பார்க்காத, குரல் கேட்காத அவர் மனைவியின் கதை.

நான்காவது தொடக்கம்: "அவர் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை அவள் பக்கெட்டைத் தொடமாட்டாள்."

இது நிற்கும் போலிருக்கிறது.

3

அவர் வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை அவள் பக்கெட்டைத் தொடமாட்டாள். கேட்டதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு கொட்டகைக்கு விறுவிறுவென்று நடப்பாள். அங்கே மேனேஜர் காத்துக்கொண்டிருக்கும்.

மேனேஜர் என்பது பெரிய தாய்ப்பன்றி. மற்ற பன்றிகள் சாப்பிடும்போது ஒவ்வொரு தொட்டியாக மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, யார் வேலையிலும் திருப்தி இல்லாததைப் போல ஒரு உறுமல் உறுமும். அவள் முன்பு ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள். அந்தக் கடை மேனேஜரும் இப்படித்தான் உறுமுவார். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

பண்ணை அவளுடைய ஆசை. அவருக்கு அதில் இஷ்டமே இல்லை. "குழாய்க்காரன் பொண்டாட்டி பன்னி மேய்க்கறாளாம்னு ஊரே சிரிக்கும்" என்றார். ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. அவர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பல மாதங்கள் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கேட்காமலே, பைப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "தொட்டியில தண்ணி ஊத்தினா அதுங்க அதுலயே புரளுது, அதுலயே வெளிக்கு இருக்குது. இரு, நான் லைன் போட்டுத் தரேன்."

போட்டார். மேலே டேங்க், சுவரை ஒட்டிப் பைப், ஒவ்வொரு அறையிலும் பன்றி வாயால் கடித்தால் தண்ணீர் விடும் சின்ன இரும்பு முனை. ஒரு இணைப்பில்கூடக் கசிவு இல்லை. பன்றி கடிக்கும்போது வெளியே தெறித்தது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வீடுகளில் முகம் கழுவும் பேசினுக்கு வைப்பதைப் போல டேங்க் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, யாரும் தொடக்கூடாதென்று அதன் கைப்பிடியையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். தெறிப்பது நின்றது. தரை காய்ந்தது. அவர் வேலையில் காய்ந்த தரைதான் நற்சான்றிதழ்.

வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தரையைக் காட்டினார். பன்றியைக் காட்டவில்லை, தரையைத்தான் காட்டினார்.

சில நாட்களில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. மேனேஜர் அந்த முனையைக் கடித்தபடி நின்றுகொண்டே இருக்கும், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டு வந்து சுவரை நக்கும். ஒருநாள் அவளே விரலால் முனையை அழுத்திப் பார்த்தாள். நூல் போல வந்தது. ஊசியில் கோக்கலாம், அப்படி ஒரு நூல்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

4

ஏன் சொல்லவில்லை?

இங்கே இரண்டு நாள் நின்றுவிட்டேன். பயந்தாள் என்று எழுதினேன். பிளம்பரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், பயப்படும்படியான முகம் இல்லை. அடித்துவிட்டேன். பெண்கள் காலங்காலமாக என்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவளைத் தவிர எல்லாப் பெண்களும் இருந்தார்கள். அதையும் அடித்துவிட்டேன்.*

(*அந்தப் பத்தி வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஏதாவது கட்டுரைக்கு ஆகும்.)

உண்மையில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் செய்ததைப் பாருங்கள். அவர் இல்லாத நேரத்தில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் சுமந்து பழைய அகல வாணலியில் ஊற்றுகிறாள். மேனேஜர் குடித்து, சிந்தி, தரையை நாசம் செய்கிறது. பிறகு இவள் கோணிச் சாக்கை எடுத்து, மண்டியிட்டு, அந்தத் தரையைத் துடைக்கிறாள். அவர் வரும்போது காய்ந்திருக்க வேண்டுமே. அவர் வந்து பார்த்து, "பார்த்தியா, ஒரு சொட்டு இல்ல" என்பார். இவள், "ஆமாங்க" என்பாள்.

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவளைக் கேட்டே விட்டேன். (கதையில் இப்படிக் கேட்கலாம். எழுதுகிறவளுக்கு இருக்கும் ஒரே சலுகை இது.)

"அவரா வந்து செஞ்சதுங்க" என்றாள். "நான் பன்னி வாங்கினதுலேருந்து கொட்டகைக்குள்ள காலே வெக்கல. முதல் தடவையா வந்து, மூணு நாள் குனிஞ்சு நிமிந்து ஒரு வேலை செஞ்சு குடுத்திருக்காரு. அதுல போய் நொட்டை சொல்லவா? ரெண்டு பக்கெட் தூக்கறதுல நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

"அதுக்காகத் தரையைத் துடைப்பியா?"

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் உங்க கதையெல்லாம் படிச்சுட்டு என்ன சொல்வாரு?"

"நல்லா இருக்கும்பார்."

"எல்லாத்தையுமா?"

நான் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் தூக்கப் போனேன்.

5

அக்காவுக்குக் கை உடைந்த செய்தி வந்தபோது மேனேஜர் குட்டி போட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குப் போகவும் மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "என்னங்க, மேனேஜருக்கு மட்டும் வாணலியில கொஞ்சம் தண்ணி" என்று ஆரம்பித்தாள்.

"லைன் எதுக்குப் போட்டு வெச்சிருக்கேன்?" என்றார் அவர். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

(நானும் அதை முடித்துவைக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்களிலேயே விலை அதிகமானது இதுதான்.)

அக்கா வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். தினமும் போன் செய்தாள். எல்லாம் நல்லா இருக்கு, தரை காய்ஞ்சிருக்கு என்றார் அவர். தரை காய்ந்திருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் அவள் கைவேலை பாதியில் நின்றது. அங்கே துடைப்பதற்கு அவள் இல்லையே. துடைக்காமலே காய்ந்திருக்கிறதென்றால்?

அன்று காலை அவர், "உன் மேனேஜருக்கு என்னமோ பிகு. தீனிய அப்படியே வெச்சிருக்கு. எழுந்திருக்கவே மாட்டேங்குது. குட்டிங்க வேற ஓயாம கத்துது. சாயங்காலம் பாத்துக்கறேன், இப்ப ஒரு வீட்டுல குழாய் வேலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் போனைக் கையில் வைத்தபடியே அடுப்படியில் நின்றாள். அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் ஏந்தியபடி அவளைப் பார்த்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

எல்லாவற்றையும் சொன்னாள். பக்கெட், வாணலி, கோணிச்சாக்கு. கடைசியதைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் கை வலித்தது.

"சொல்லித் தொலையேண்டி."

"அவரு மனசு உடைஞ்சுடும்க்கா. திரும்பக் கொட்டகைப் பக்கமே வரமாட்டாரு."

"வராட்டிப் போகட்டும். என் கை உடைஞ்சது, கட்டுப் போட்டாச்சு. அவரு மனசும் கொஞ்ச நாள்ல கூடிடும். அந்த வாயில்லா ஜீவன் போச்சுன்னா எதை வெச்சுக் கூட்டுவ? அது கூடவே அந்தக் குட்டிங்களும் போகும். போடு போனை."

போட்டாள். போன் அடித்தது என் சமையலறையில்.

"என்னங்க, வேலையா இருக்கீங்களா?"

"ம்."

"மேனேஜருக்கு அந்தத் தண்ணி பத்தாதுங்க. நான் பக்கெட்ல ஊத்திட்டிருந்தேன்."

"என்ன பக்கெட்?"

"தினமும். நீங்க போனப்புறம். வாணலியில ஊத்துவேன். அது குடிச்சு முடிச்சதும் தரையைத் துடைச்சுடுவேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க லைன் போட்ட மறு வாரத்துலேருந்து."

(முதலில் சொன்ன அந்த வெகுநேரம் இங்கேதான் வருகிறது. நான் பக்கத்தில் நின்று அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மெதுவாகத் தொட்டிக்குள் வைத்தார், சத்தம் வராமல்.)

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

இதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவள் குரலில் அமையவில்லை. கடைசியில் அவளை அழவிட்டேன். அழுதுகொண்டே, "முதல்ல போய்த் தண்ணி குடுங்க" என்றாள். அவர் ஓடினார். அதை நானே கண்ணால் பார்த்தேன்.

6

அவர் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்திருக்கும்?

முடிவு அ: மேனேஜர் இறந்துகிடந்தது.

(எழுதிய ஐந்தாவது நிமிடம் கிழித்தேன். சோகமாக முடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. கனம் வேண்டியவர்கள் வந்து என் பக்கெட்டைத் தூக்கட்டும்.)

முடிவு ஆ: அவர் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தார். அது மளமளவென்று குடித்துத் துள்ளி எழுந்தது.

இதைத் தோழிக்குப் படித்துக் காட்டினேன். "கொன்னுட்ட" என்றாள். நாள்கணக்கில் தண்ணீர் போதாமல் கிடந்த பன்றிக்கு ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுத்தால் மூளை வீங்கி வலிப்பு வந்துவிடுமாம். "கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டுக் குடுக்கணும். பக்கத்துலயே உக்காந்து குடுக்கணும்."

(சொல்ல வேண்டியதை வெகுநாள் சொல்லாமல் வைத்திருந்து ஒரேயடியாகச் சொல்வதற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் தோன்றியது. ஆனால் நான் அதை உருவகமாக்கப் போவதில்லை. அது பன்றி வைத்தியம்.)

முடிவு இ: போகிற வழியிலேயே அவர் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் சொன்னபடி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மேனேஜரின் தலைமாட்டில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு ஊற்றுவார், காத்திருப்பார். இன்னொரு சொம்பு. இடையில் எழுந்து போய், சுவரிலிருந்த முனையை விரலால் அழுத்திப் பார்த்தார். அந்த நூலை அவரும் பார்த்தார். அவ்வளவு நாளில் ஒருமுறைகூட இதை அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. குனிந்து குனிந்து தரையைத்தான் பார்த்திருக்கிறார்.

பையைத் துழாவிக் கைப்பிடியை எடுத்தார். ஏணி போட்டு ஏறி, வால்வில் மாட்டி, முழுக்கத் திறந்தார். கீழே அடுத்த அறையிலிருந்த இளம் பன்றி முனையைக் கடித்ததும் தண்ணீர் பீய்ச்சி அதன் முகத்தில் அடித்தது. அது திடுக்கிட்டுப் பின்வாங்கி, திரும்ப ஓடிவந்து கடித்தது. மற்றவையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. தண்ணீர் தெறித்தது, சுவரில் வழிந்தது, தரையெல்லாம் ஓடியது. வால்வைக் குறைத்த பிறகு அவர் போட்ட லைனில் முதல் தடவையாகத் தரை நனைந்தது.

அவர் திரும்பி வந்து ஈரத்திலேயே உட்கார்ந்து அடுத்த சொம்பை ஊற்றினார். மேனேஜர் குடித்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவே, தனக்காக ஒருத்தி இத்தனை நாள் மண்டியிட்டுத் தரை துடைத்திருக்கிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

சாய்ந்து கிடந்த மேனேஜர் அவரை ஒரு கண்ணால் பார்த்து

7

கதவு தட்டும் சத்தம். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

பிளம்பர் நின்றிருந்தார். "மன்னிச்சுக்கங்க மேடம், பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். என் ஸ்பேனர் இங்க இருக்கா?"

செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஸ்பேனரைக் கொடுத்தேன். அவர் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் நாக்கு அரித்தது. நான் எழுதிவைத்த அத்தனையும் ஒரு பதிலில் கவிழ்ந்துவிடலாம். மேனேஜர் என்ற பெயரோ அவள் அழுகையோ கோணிச்சாக்கோ எதுவுமே நிஜமில்லாமல் இருக்கலாம். பன்றி செத்தேகூடப் போயிருக்கலாம். கேட்காமல் விட்டால் என் கதை பிழைக்கும்.

கேட்டுவிட்டேன். "பன்னிங்க எப்படி இருக்கு?"

அவர் நிமிரவில்லை. "அதை ஏன் கேக்கறீங்க மேடம். தரையெல்லாம் ஒரே சேறு. கால் வெக்க முடியல. குட்டிங்கல்லாம் அதுல சறுக்கி விளையாடுதுங்க."

அலுத்துக்கொள்வதைப் போலத்தான் சொன்னார். ஆனால் தரை காய்ந்து கிடக்கும் என்று அன்றைக்குச் சொன்னபோது இருந்த அதே பெருமை குரலில் இருந்தது. அவர் பேன்ட்டின் கால்பக்கம் முட்டி வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா?"

"இன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல வரா. அதான் சீக்கிரம் முடிக்கணும்." குழாயைத் திருகித் திறந்தார். தண்ணீர் கொட்டியது, தொட்டியில் பட்டு என் புடவையில் தெறித்தது. மூடினார். வழக்கமாக அவர் செய்வதைப் போலச் சொட்டுகிறதா என்று பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி பத்துதா மேடம்?"

பத்துகிறது என்றேன்.

8

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது அவர் என்ன சொல்வார், அவள் என்ன சொல்வாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அவர்களுடைய போன் பேச்சில் ஒட்டுக்கேட்டதே அதிகம். கொட்டகைக்குள் அவள் காலை வைக்கிறாள், சேறு கணுக்கால்வரை ஏறுகிறது, கை பழக்கத்தில் கோணிச்சாக்கைத் தேடுகிறது. அதற்கு மேல் உங்கள் பாடு. மேனேஜர் எழுந்து வந்து உறுமட்டும் என்றுதான் எனக்கு ஆசை. நீங்களும் கொஞ்சம் மனம் வையுங்கள்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. இதுவரை எழுதியதைக் கொண்டுபோய் என் கணவரிடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல வாங்கி, வழக்கம்போல உட்கார்ந்து படித்தார். நாலாவது பகுதிக்கு வந்தபோது மட்டும் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைசிவரை படித்து முடித்து, தாள்களை அடுக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நல்லா இருக்கு" என்றார்.

நான் நகரவில்லை.

அவரும் கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை. "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?" என்றார். "ரொம்ப நாளா சொல்லணும்னு"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க" என்றேன். "ஆனா கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க."